அரிசி அகலம் தள்ளி விழுந்த ஒளி

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம், இரண்டாயிரத்து ஐந்து. ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமி காலை. தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கேதான் நான் ஒரு பெண்ணின் குரலைக் கருக்கிவிட இருந்தேன். அப்படி நடக்கவில்லை. அது நடக்காமல் போனதில் என் சாமர்த்தியம் ஒரு துளியும் இல்லை என்பதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் கழித்து இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினீயராக இருந்தேன். கம்பெனி என்றால் ஒரு வீட்டின் கீழ்த்தளம், ஒரு முதலாளி, ஒரு வேன், ஒரு டிரைவர், நான். எங்களிடம் இருந்த ஒரே பெரிய சொத்து, அறுவை சிகிச்சைக்கான லேசர் மிஷின். சின்ன ஆஸ்பத்திரிகளால் அதைச் சொந்தமாக வாங்க முடியாது. லேசர் ஆபரேஷன் இருக்கிற நாளில் எங்களைக் கூப்பிடுவார்கள். மிஷினை வேனில் ஏற்றிக்கொண்டு நானும் கூடவே போவேன். தியேட்டரில் பொருத்திக் கொடுத்து, ஆபரேஷன் முடிகிறவரை பக்கத்திலேயே நின்று, திரும்ப ஏற்றிக்கொண்டு வருவேன்.

மிஷின் என்னவோ முதலாளியுடையதுதான். ஆனால் நான் பெற்ற பிள்ளை மாதிரி நடந்துகொள்வேன். யாராவது அதன் மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நின்றால் சுள்ளென்று விழுவேன். 'மிஷினைத் தொட்டால் இன்ஜினீயருக்கு வலிக்கும்' என்று டிரைவர் அண்ணன் கிண்டல் செய்வார். அதிலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

அந்த மிஷினுக்குள் ஒளி எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் நான் செய்த காரியம் எவ்வளவு பெரிய தவறு என்று புரியும்.

லேசர் என்றதும் சிவப்பாக ஒரு கோடு பாய்ந்து போய் வெட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் மிஷினில் வெட்டுகிற ஒளி கண்ணுக்கே தெரியாது. கார்பன் டை ஆக்சைடு வாயு நிரப்பிய ஒரு நீளக் குழாயில் அது உண்டாகிறது. சாதாரணக் கண்ணாடிக்குள் அது நுழையாது, கண்ணாடியே அதைக் குடித்துவிடும். அதனால் மற்ற சில லேசர்களைப் போல வளைகிற இழை வழியாக அதை அனுப்ப முடியாது. மிரரில் பட்டுத் திரும்பி, அடுத்த மிரரில் பட்டுத் திரும்பித்தான் அது நடக்க வேண்டும். அதற்காக மிஷினின் தலைமேல் மடங்கி நீளும் ஒரு கை இருக்கும். நம் கைக்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு இருப்பதுபோல அதற்கு ஏழு மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மிரர். ஒளி அந்தக் கையின் நட்டநடுவில் நேராக நுழைந்துவிட்டால், கையை நீங்கள் எப்படி முறுக்கினாலும் நடுவிலேயே வெளியே வரும். துளி சாய்ந்து நுழைந்தாலோ, போகப் போக விலகிக்கொண்டே போகும்.

கண்ணுக்குத் தெரியாத ஒளியை வைத்துக்கொண்டு டாக்டர் எப்படிக் குறிபார்ப்பார்? அதற்காகத் துணைக்கு ஒரு சிவப்பு ஒளி உண்டு. அது எதையும் வெட்டாது, சுடாது, இடத்தை மட்டும் காட்டும். மிஷினுக்குள்ளே கற்கண்டு நிறத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு வட்டத் துண்டு இருக்கிறது. வெட்டுகிற ஒளி அதை ஊடுருவி நேராகப் போகும். பக்கத்திலிருந்து வரும் சிவப்பு ஒளி அதன் முகத்தில் பட்டுத் திரும்பி, அதே பாதையில் சேர்ந்துகொள்ளும். அதன் பிறகு இரண்டும் ஒன்றாகவே ஏழு மிரரையும் கடந்து போக வேண்டும். கோயில் புறப்பாட்டில் சாமிக்கு முன்னால் தீவட்டி போகிற மாதிரிதான். தீவட்டி தெரிந்தால் பின்னால் சாமி வருகிறது என்று கும்பிடத் தயாராகிவிடுவோம். தீவட்டி ஒரு தெருவுக்குள்ளும் சாமி அடுத்த தெருவுக்குள்ளும் போய்விட்டால் நமக்கு எப்படித் தெரியும்?

தெரிந்துகொள்ள ஒரே வழிதான். டாக்டர் நாக்கை அழுத்திப் பார்ப்பாரே, அந்த மரக்குச்சி. அதைத் தண்ணீரில் நனைத்து, சிவப்புப் புள்ளி விழுகிற இடத்தில் பேனாவால் ஒரு குறி வைத்து, ஒரே ஒரு முறை லேசரை அடிக்க வேண்டும். கரும்புள்ளி பேனாக் குறியின் மேலேயே விழுந்தால் இரண்டு ஒளியும் ஒன்றாக வருகின்றன. தள்ளி விழுந்தால் மிஷினைத் தொடக்கூடாது.

அந்த ஆஸ்பத்திரியில் தியேட்டர் சிஸ்டர் ஒருவர் இருந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர், மெலிந்த உருவம், பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். ஆனால் இந்தக் குச்சி விஷயத்தில் மட்டும் விடாக்கண்டி. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் சுட்ட குச்சியில் தேதி எழுதி, நோயாளியின் கேஸ் ஷீட்டில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவைப்பார். எந்த ஆஸ்பத்திரியிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. 'குச்சி சிஸ்டர்' என்று பெயர் வைத்து டிரைவர் அண்ணனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

காலையிலிருந்தே கம்பெனியில் கழுவல், துடைப்பு. வேனுக்கு வாழைக்கன்று கட்டியாயிற்று. முதலாளி வீட்டம்மா பொரி, கடலை, சுண்டல் எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். திருப்புளி, ஸ்பேனர், மல்டிமீட்டர் எல்லாவற்றையும் வாழையிலையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார் முதலாளி. மிஷினுக்கு வெளியே நாலு மூலையிலும் டிரைவர் அண்ணன் வைத்தார். எனக்கு அது போதவில்லை. வெளித் தகரத்துக்குப் பொட்டு வைத்து என்ன பிரயோஜனம், உயிர் உள்ளே அல்லவா இருக்கிறது என்று தோன்றியது.

பூஜைக்குச் சற்று முன்னால்தான் மறுநாள் ஆபரேஷனுக்காக எல்லாவற்றையும் சோதித்திருந்தேன். குச்சியும் சுட்டுப் பார்த்திருந்தேன். குறிமேல் குறியாக விழுந்தது. பிறகு மேல்மூடியைக் கழற்றினேன். தூசி இல்லாமல் பளிச்சென்று இருந்தது உள்பக்கம். அந்தக் கற்கண்டு நிறத் துண்டைத் தாங்கி நிற்கும் உலோகச் சட்டம் மூன்று திருகிலும் ஒரு ஸ்பிரிங்கிலும் நின்றது. துண்டின் மேல் எதுவும் படக்கூடாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் மிகவும் ஜாக்கிரதையாக, துண்டைத் தொடாமல், அதைத் தாங்கும் சட்டத்தின் நெற்றியில் சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தி வைத்தேன். அதன் நடுவே குங்குமம். 'நாளைக்கு நல்லபடியா முடியணும்' என்று மனதாரக் கும்பிட்டேன். மூடியைப் போட்டேன். கற்பூரம் காட்டினார்கள்.

கட்டைவிரல் அழுத்தத்தில் ஸ்பிரிங் இம்மி நகர்ந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை நாங்கள் போனபோதே தாமதம். முந்தின நாள் உடைத்த பூசணிக்காய் தெருவெல்லாம் கிடந்ததால் டிரைவர் அண்ணன் ஊர்ந்துதான் ஓட்டினார். மிஷினைத் தியேட்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போகும்போது வராந்தா பெஞ்சில் அன்று ஆபரேஷனுக்கு வந்திருந்த அக்கா உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆஸ்பத்திரியின் பச்சை அங்கி, காலில் கடற்கரை வெயிலின் கருப்பு. பக்கத்தில் கணவர். கோவளம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவர்கள்.

"இதான் அந்த மிஷினா தம்பி?" என்று கேட்டார். குரல் என்று சொல்ல முடியாது. பஞ்சரான டயரிலிருந்து காற்று போகிற மாதிரி இருந்தது. "கத்தி மாதிரி இருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன். பீரோ மாதிரி கீது."

எனக்குச் சிரிப்பு வந்தது. நின்று பேசினேன். எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன்.

"கடலு வந்துச்சே, அன்னிக்கி. ஊரே ஓடுச்சு. நான் எம் பொண்ணு பேரச் சொல்லிக் கத்திகினே ஓடினேன். பொண்ணு கெடச்சிடுச்சு, கொரலு போயிடுச்சு."

சும்மா சொல்வதுபோலத்தான் சொன்னார். மேடவாக்கத்தில் ரோட்டோரம் மீன் விற்பவராம். கூவினால்தான் அங்கே வியாபாரம், இல்லையென்றால் கூடையோடு திரும்ப வேண்டியதுதான் என்றார். பத்து மாதமாக இவர் கூடையைப் பார்த்தபடியே ஆட்கள் கடந்து போய், கூவுகிறவர்களிடம் வாங்குகிறார்களாம். அவரது குரல்நாண் ஒன்றின் ஓரத்தில் சின்னதாக ஒரு வளர்ச்சி. அதை எடுக்கத்தான் அன்றைய ஆபரேஷன்.

"நல்ல நாளுன்னு தான் இன்னிக்கி வெச்சோம்" என்றார் கணவர்.

அக்கா என்னைப் பார்த்து, "கொரலு வந்துடும்ல தம்பி?" என்று கேட்டார்.

அது டாக்டர் சொல்ல வேண்டிய பதில். நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்க வேண்டும். "கவலையே படாதீங்கக்கா. இந்த மிஷினுக்கு ஒரு முடி அகலம்கூடக் குறி தப்பாது" என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

தியேட்டரில் நான் மிஷினின் கையை மைக்ராஸ்கோப்பில் பொருத்திக்கொண்டிருக்கும்போதே அக்காவை உள்ளே கொண்டுவந்து மயக்கம் கொடுத்துவிட்டார்கள். வழக்கமாக மிஷின் சோதனை முடிந்த பிறகுதான் மயக்கம் கொடுப்பார்கள். எங்கள் தாமதத்தால் அன்று வரிசை மாறிவிட்டது. கண்ணுக்கு ஈரப்பஞ்சு வைத்து, முகத்தைச் சுற்றி ஈரத்துண்டு போட்டிருந்தார்கள். தொண்டைக்குள் ஒரு உலோகக் குழலை நுழைத்து, அதன் வழியாக டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார்.

பவர் மீட்டரை வைத்து அளந்தேன். கேட்ட பவர் சரியாக வந்தது. சிவப்புப் புள்ளியும் பளிச்சென்று இருந்தது. "எல்லாம் ஓகே சார்" என்றேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பவர் மீட்டரின் வாய் ஒரு வடை அகலம் இருக்கும். ஒளி அதில் எங்கே விழுந்தாலும் ஒரே அளவைத்தான் காட்டும். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

டாக்டர் காலை ஃபுட் சுவிட்ச் பக்கம் நகர்த்தினார். "ரெடி போடுங்க சிஸ்டர்" என்றார். மிஷின் ஸ்டாண்ட்பையில் இருந்தால் ஃபுட் சுவிட்சை எவ்வளவு மிதித்தாலும் ஒளி வெளியே வராது. ரெடி பட்டனை அழுத்துவது சிஸ்டரின் வேலை. அவர் அழுத்தவில்லை. என்னைப் பார்த்தார்.

"குச்சி இன்னும் பாக்கலயே சார்."

"நேத்து சாயங்காலம்தான் பார்த்தேன் சிஸ்டர். கரெக்டா இருந்துச்சு."

"இன்னைக்கு பாக்கல இல்ல?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. டாக்டர் எதிரில் என்னை வேலை தெரியாதவன் ஆக்குகிறாளே என்ற கோபம். "பேஷன்ட் மயக்கத்துல இருக்காங்க, நீங்க குச்சியப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க. இதோ இங்கேயிருந்து அங்கே மூணு கிலோமீட்டர்கூட இல்ல. மிஷின் பாதி வழியில மாறிடுமா?" என்றேன். டாக்டரும் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "சிஸ்டர், டைம் ஆகுது" என்றார்.

அந்தப் பெண்ணின் கண்கள் கலங்கிவிட்டன. மாஸ்க்குக்கு மேலே அது மட்டும்தான் தெரிந்தது. ஆனால் கை பட்டன் பக்கம் போகவில்லை.

"குச்சி பாக்காம நான் ரெடி போட மாட்டேன் சார். வேற யாரையாச்சும் போடச் சொல்லுங்க."

எப்போதும் பாதிதான் கேட்கும் அந்தக் குரல் அன்று முழுதாகக் கேட்டது.

டாக்டர் பெருமூச்சு விட்டு நிமிர்ந்தார். மைக்ராஸ்கோப்பை நோயாளியிடமிருந்து பக்கத்துக்குத் திருப்பினார். சிஸ்டர் டிராலியில் ஈரத்துண்டை விரித்து, அதன்மேல் நனைத்த குச்சியை வைத்தார். சிவப்புப் புள்ளி விழுந்த இடத்தில் பேனாவால் குறி வைத்தார். பிறகுதான் ரெடி. நான் கையைக் கட்டிக்கொண்டு, 'சீக்கிரம் முடிங்க' என்கிற முகத்தோடு நின்றேன்.

'டிக்' என்று ஒரு சத்தம். மெல்லிய புகை, மரம் கருகும் வாசனை.

பேனாக் குறி வெறுமையாக இருந்தது. கரும்புள்ளி அதற்குப் பக்கத்தில், ஒரு அரிசி அகலம் தள்ளி விழுந்திருந்தது.

சிஸ்டர் இன்னொரு குச்சியை நனைத்து வைத்தார். மறுபடி 'டிக்'. அதே பக்கம், அதே தூரம்.

டாக்டர் குச்சியைக் கையில் எடுத்து விளக்கடியில் பார்த்தார். "நான் இந்தப் பக்கத்துல இருக்கிற கட்டியைப் பார்த்து மிதிச்சிருப்பேன்" என்றார் மெதுவாக. "அடி எதிர்ப்பக்கம் விழுந்திருக்கும். நல்லா இருக்கிற நாண்ல."

முதல் அடியிலேயே அவர் கவனித்து நிறுத்தியிருப்பார், உண்மைதான். ஆனால் முதல் அடி ஒன்றே போதும். அந்த இடத்தில் ஒரு தழும்பு விழுந்துவிட்டால் எந்த மிஷினாலும் அதை எடுக்க முடியாது.

"எப்படி ஆச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

நான் சொன்ன பதிலை எழுதவே வெட்கமாக இருக்கிறது. "ரோட்டுல ஸ்பீட் பிரேக்கர் ஜாஸ்தி சார். வேன்ல குலுங்கியிருக்கும்" என்றேன். அவ்வளவு மெதுவாக ஊர்ந்து வந்த டிரைவர் அண்ணன் தலையில் பழியைப் போட எனக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. "பத்து நிமிஷம் குடுங்க சார், சரி பண்ணிடறேன்" என்று மேல்மூடியைக் கழற்றினேன்.

உள்ளே, உலோகச் சட்டத்தின் நெற்றியில், சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்படியே இருந்தன. சந்தனத்தில் என் கட்டைவிரல் ரேகை ஒவ்வொரு வரியாக, ஸ்டாம்ப் பேப்பரில் உருட்டிய மாதிரி பதிந்திருந்தது. சட்டம் அந்தப் பக்கமாகத்தான் சாய்ந்திருந்தது.

சிஸ்டர் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் பார்வையைத் திருப்பிக்கொண்டார். காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு வார்த்தை போதும். கொஞ்சம் முன்னால் நான் அவரை அழவைத்திருந்தேன். ஆனாலும் அவர் சொல்லவில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"ரோடு இல்ல சார்" என்றேன். "நான்தான். நேத்து பூஜையில உள்ளே பொட்டு வச்சேன். அழுத்திட்டேன்."

டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. மயக்க மருந்து டாக்டரிடம் திரும்பி, "தெளிய வைங்க. இன்னைக்கு வேண்டாம்" என்றார். பிறகு என்னிடம், "வெளியே போய் அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து அக்கா முழுசாகத் தெளிந்தார். கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். கையில் அந்த முதல் குச்சி. ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று நினைத்து அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், பேசக்கூடாதோ என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். நான் உடைந்துபோய்விட்டேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு வைத்தது, சோதிக்காமல் ஓகே சொன்னது, சிஸ்டர் மறுத்தது, வேன் மேல் பழி போட்டது, ஒன்றையும் விடவில்லை.

கணவர் எழுந்துவிட்டார். "இன்னாடா சொல்ற நீ? வெளயாட்டா கீதா உனக்கு? பச்சத்தண்ணி பல்லுல படாம கெடக்கா அவ!" என் சட்டை அவர் கைக்குள் இருந்தது. நான் விடுவித்துக்கொள்ள முயலவில்லை. அக்கா கட்டில் கம்பியை விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டினார். கணவர் சட்டையை விட்டுவிட்டார்.

அக்கா கை நீட்டிக் குச்சியை வாங்கினார். "இந்தப் பேனாப் புள்ளிலதான் சுடணும். இங்க சுட்டுகீது. அதான?"

"ஆமாக்கா."

"இத்தினியூண்டு தானா?"

"இத்தினியூண்டுதான்."

"என் தொண்டைல கீதே அது, எவ்ளோ நீளம்?"

என் சுண்டுவிரலை நீட்டி நகத்தைக் காட்டினேன். "இதைவிடக் கொஞ்சம்தான் பெருசுக்கா."

என் நகத்தைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். மறுபடியும் நகத்தைப் பார்த்தார். அந்த அமைதியில் நின்றதைவிட அவர் கணவரிடம் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

"குச்சி கேட்டுச்சே அந்தப் பொண்ணு, அத வரச் சொல்லு" என்றார்.

சிஸ்டர் வந்ததும் அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன். அங்கே எனக்கு இடம் இல்லை என்பது நியாயமாகவே பட்டது.

கிளம்பும்போது அக்கா என்னைக் கூப்பிட்டார். "தபாரு தம்பி. அடுத்த வாட்டி அந்தக் குச்சிய எங்கண்ணுல காட்டிட்டுத்தான் மயக்க மருந்து. ஆமா."

முதலாளியிடம் அன்று மத்தியானமே சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். வாங்கு வாங்கென்று வாங்கினார், ஆனால் அனுப்பவில்லை. டிரைவர் அண்ணனிடமும் சொன்னேன். "எம் மேலயா போட்ட?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நான் மிஷினைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தனத்தைத் துடைத்தேன். திருகுகளை இம்மி இம்மியாகத் திருப்பி, சிவப்பை மறுபடி அதன் பாதையில் சேர்த்தேன். கையை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று எல்லாக் கோணத்திலும் மடக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி சுட்டேன். ஒரு டப்பா குச்சி தீர்ந்தது.

மூன்றாம் நாள் மறுபடி அதே தியேட்டர். இந்தத் தடவை நேரத்துக்கு முன்னாலேயே போனோம். வேனிலிருந்து இறக்கி, பொருத்தி, குச்சியை நானே நனைத்தேன். சிஸ்டர் குறி வைத்தார். 'டிக்'. கரும்புள்ளி பேனாக் குறியை முழுதாக விழுங்கியிருந்தது. சிஸ்டர் அதைக் கொண்டுபோய், மேஜைமேல் படுத்திருந்த அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தார். அக்கா கண்ணைச் சுருக்கி நிதானமாகப் பார்த்தார், மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர்களைப் போல. பிறகு தலையை ஆட்டினார். அதற்கப்புறம்தான் மயக்க மருந்து கொடுத்தார்கள்.

மைக்ராஸ்கோப்பின் பக்கக் குழலில் என்னையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார் டாக்டர். வேண்டுமென்றே சொன்னார் என்று நினைக்கிறேன். முத்துப்போல வெளுத்த இரண்டு நாண்கள். ஒன்றின் ஓரத்தில் சிவந்த வளர்ச்சி. அதன்மேல் சிவப்புப் புள்ளி அசையாமல் நின்றது. அதற்கு எதிரே, மிகமிகப் பக்கத்தில், சுத்தமாக, பத்திரமாக இருந்தது அடுத்த நாண். அன்று நான் ஓகே சொன்னது அதைச் சுடத்தான். என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. தள்ளி வந்து சுவரைப் பார்த்து நின்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்து நாள் வாயே திறக்கக்கூடாது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம், பழைய குரல் வருமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். அதோடு அவர்களைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை. விசாரிக்கத் தைரியமும் இல்லை.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, "உள்ளே வைக்கலையா இன்ஜினீயர்?" என்று முதலாளி என்னைப் பார்த்தார். பக்கத்து அலமாரியிலிருந்த மரக்குச்சி டப்பாவை எடுத்து இலையில் வைத்தேன். அதன் அட்டைமேல் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். டிரைவர் அண்ணன் கிண்டல் செய்யவில்லை. இன்றுவரை எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதைத்தான் செய்கிறேன்.

அந்தப் பூஜைக்குச் சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேடவாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ரோட்டுக்கு எதிர்ப்புறம் வரிசையாக மீன்கூடைகள். பஸ், லாரி, ஷேர் ஆட்டோ ஹாரன் அத்தனையையும் தாண்டி ஒரு குரல் வந்தது. "வஞ்சரம், வவ்வாலு, நெத்திலி! வாம்மா, வா! கண்ணத் தொறந்து பாத்து வாங்கு, இப்ப வந்த மீனு!" கொஞ்சம் கரகரப்பு இருந்தது. ஆனால் முழுக்குரல். யாரென்று பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குள் அவரும் என்னைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து நின்று, பக்கத்துக் கூடைக்காரியிடம் சொல்வதுபோல ரோட்டுக்கே கேட்கும்படி கத்தினார்.

"அடியே, தோ நிக்கிறாரு பாரு! எந்தொண்டையச் சுட இருந்தாரே, அந்த மிஷின் தம்பி!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள், மீன் வாங்க வந்தவர்கள், டீக்கடைக்காரர் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, சிரித்துக்கொண்டு நின்றேன். ஓடி ஒளியவேண்டும் போலவும் இருந்தது, அவர் இன்னொரு தடவை கத்த வேண்டும் போலவும் இருந்தது.

இப்போதும் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்னால் நனைந்த குச்சியின் மேல் சிவப்புப் புள்ளி நிற்கும்போது, அடுத்த 'டிக்' கேட்கிறவரை என் மூச்சு நின்றுதான் இருக்கிறது. அந்த ஒரு விநாடியில் மேடவாக்கம் ரோட்டைத் தாண்டி வந்த அந்தக் குரலைத்தான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.